மதியிறுக்கமும் பெற்றோர் கூட்டுறவும்

பிள்ளைத்தமிழ் பயிலும் மாணாக்கர் அம்புலிப் பருவத்தை நன்கறிவர். தாய் தன் மகவை இடுப்பிலேந்தி முற்றத்தில் நின்று, வானத்து மதியைச் சுட்டி, இவனோடு விளையாட வருக என்று அதனை அழைப்பதே அப்பருவத்தின் பொருள். குழவி ஓராண்டைக் கடந்து சில திங்கள் சென்றபின் இப்பருவம் எய்தும் என்று இலக்கண நூலார் வகுத்தனர். இக்காலத்து மருத்துவர் ஆராய்ந்து கூறும் நுட்பமொன்று இதனுள் அடங்கிக் கிடத்தலை யான் அண்மையிலேதான் உணர்ந்தேன். தாய் சுட்டும்போது குழவி அவள் விரலைப் பார்ப்பதில்லை. விரல் சென்ற திசையைப் பார்க்கின்றது. பின்னர்த் திரும்பித் தாயின் முகத்தைப் பார்க்கின்றது. இருவர் ஒரு பொருளை ஒருங்கு நோக்குதலாகிய இச்சிறு செயலை அடியாகக் கொண்டே பேச்சும், பிறர் கருத்தை அறிதலும் வளர்கின்றன. ஒன்றரை ஆண்டளவில் இது தோன்றாதாயின் மருத்துவர் அக்குழவியை உற்று நோக்கத் தொடங்குவர்.

என் தம்பிக்கு அம்புலிப் பருவம் வரவில்லை. இராயபுரத்தில் எங்கள் மாடியில் நின்று கிழக்கே நோக்கினால் துறைமுகத்துப் பளுதூக்கிகளின் விளக்குகட்கு மேலே நிலவு எழும். அன்னையார் அதனைச் சுட்டுவார். அவன் அவர் விரலிலிருந்த மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். இப்பொழுது அவனுக்கு அகவை 13. இக்கட்டுரை அவனைப் பற்றியதன்று. அவனையொத்த மக்களை வளர்க்கும் தாய் தந்தையர் ஒருவர்க்கொருவர் துணையாகும் முறையைப் பற்றியது. ஆயினும் எடுத்துக்காட்டு வேண்டியவிடத்து எங்கள் இல்லத்தையும் அண்டை இல்லங்களையும் கூறுவேன். அவற்றையன்றி வேறெதனையும் யான் நன்கறியேன்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது. ஆட்டிசம் என்னும் சொல், 'தான்' எனப் பொருள்படும் கிரேக்க மொழிச் சொல்லினின்று பிறந்தது. தமிழில் இதனை மதியிறுக்கம் என்று வழங்குகின்றனர். அரசாங்கத்தார் 'புற உலகச் சிந்தனையற்ற' என்னும் அடைமொழியையும் அதன்முன் சேர்ப்பதுண்டு. இவ்வடைமொழி எனக்கு உடன்பாடன்று. துறைமுகத்தில் கப்பல் ஊதும் ஒலி எங்கள் செவிக்கு எட்டுமுன் என் தம்பி இரு கைகளாலும் காதைப் பொத்திக்கொள்கிறான். புற உலகம் அவனுள் மிகுதியாகப் புகுகின்றது என்பதே பொருந்தும். பிறர் கண்ணை நோக்கிப் பேசுதல் அரிதாதல், சொல்லைச் சொன்னவாறே திருப்பிச் சொல்லுதல் அல்லது பேசாதேயிருத்தல், ஒரே செயலைப் பலகால் செய்தல், வழக்கம் சிறிது மாறினும் பெரிதும் கலங்குதல், ஒலியும் ஒளியும் துணியின் உராய்வும் பிறரைக் காட்டிலும் மிகுதியாகவோ குறைவாகவோ உறைத்தல் ஆகியன இதன் இயல்புகள். ஒருவர்க்கிருப்பது போல மற்றொருவர்க்கிராது. கல்லூரியில் கணக்குப் பயின்று பட்டம் பெறுவாரும் உளர். வாழ்நாள் முழுதும் ஒரு சொல்லும் பேசாதாரும் உளர். இஃது ஒட்டுநோயன்று; மூளை வளரும் முறையிலுள்ள வேறுபாடு; பெரும்பாலும் பிறப்பிலேயே அமைவது. உலகச் சுகாதார நிறுவனத்தார் 2021ஆம் ஆண்டுக்குக் கணித்தவாறு, உலகில் 127 பேரில் ஒருவர் இவ்வியல்புடையர்.

இதனை முதன்முதல் விரித்தெழுதி உலகறியச் செய்தவர்களுள் ஒருவர் பால்ட்டிமோர் நகரத்து மருத்துவர் லியோ கானர். 1943ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ஆராய்ச்சியுரையில் 11 சிறார் காட்டப்பெற்றனர். அவருள் முதல்வன் டொனால்டு டிரிப்ளெட் என்பான். மிசிசிப்பி மாகாணத்தில் பாரஸ்ட் என்னும் சிற்றூரைச் சார்ந்தவன். மருத்துவர் அவனைக் காணுமுன்னரே அவன் தந்தையார் மகனது இயல்புகளையெல்லாம் 33 பக்கங்களில் எழுதியனுப்பினார். ஆகவே இத்துறையின் தொடக்கத்தில் நிற்பது மருத்துவரின் நூலன்று, ஒரு தந்தையின் கடிதம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. அச்சிறுவனை அக்கால வழக்கப்படி ஒரு காப்பகத்தில் விடுத்திருந்தனர். 1938இல் பெற்றோர் அவனை இல்லத்திற்கே மீட்டுக் கொணர்ந்தனர். அவன் தன் ஊரில் வங்கியொன்றில் வேலை பார்த்து, ஊராரால் நன்கறியப்பட்டவனாய் வாழ்ந்து, 2023ஆம் ஆண்டில் 89ஆம் அகவையில் காலமானான்.

பெற்றோரின் கடிதத்தால் தொடங்கிய அத்துறை சில ஆண்டுகளிலேயே பெற்றோரைக் குற்றவாளிகளாக்கியது வியப்பே. தாயின் அன்பின்மையே பிள்ளை இவ்வாறாதற்குக் காரணம் என்னும் கொள்கை பரவிற்று. கானரே அதற்கு இடந்தரும் சொற்களை எழுதினார். சிகாகோவிலிருந்த புரூனோ பெட்டல்ஹைம் என்பார் 1967இல் வெளியிட்ட நூலால் அதனை ஊரறியப் பரப்பினார். இத்தாயரைக் குளிர்பதனப் பெட்டிக்கு ஒப்பிட்டு இழித்துரைத்தல் அக்காலத்து வழக்காயிற்று. பிள்ளையைப் பிரித்து வேறிடத்தில் வைப்பதே மருந்து எனவும் சொல்லப்பட்டது. இரவெல்லாம் உறங்காத பிள்ளையைத் தோளில் சுமந்து நடந்த தாயிடத்து, உனக்கு அன்பில்லை என்று கற்றவர் ஒருவர் கூறினால் அவள் எங்குச் சென்று முறையிடுவாள்?

அவள் தன்னையொத்த மற்றொரு தாயிடம் சென்றாள். 1962இல் இலண்டன் நகரில் பெற்றோர் சிலர் கூடிச் சங்கமொன்று நிறுவினர். அதுவே இன்று அந்நாட்டின் தேசிய ஆட்டிசச் சங்கமாக விளங்குவது. சிலர் கூடிப் புலம்பியதோடு நில்லாமல் 1965இல் பள்ளியும் திறந்தனர். அச்சங்கத்தை நிறுவியவர்களுள் லோர்னா விங் என்னும் அம்மையார் மனநோய் மருத்துவர். அவர் மகளும் இவ்வியல்புடையவள். பின்னாளில் அவர் ஜூடித் கோல்டு என்பவரோடு சேர்ந்து இலண்டனின் ஒரு பகுதியிலுள்ள சிறாரை ஆராய்ந்து, இஃது ஒரே அச்சில் வார்த்த நோயன்று, வானவில்லின் நிறங்கள்போல ஒன்றினொன்று கலந்து விரியும் நிறமாலை எனக் காட்டினார். அச்சொல்லே இன்று உலகெங்கும் வழங்குகின்றது. அமெரிக்காவில் பெர்னார்டு ரிம்லேண்டு என்பார் கடற்படையில் பணியாற்றிய உளநூலறிஞர், மகனொருவனுக்குத் தந்தை. தாயரின்மேற் சுமத்தப்பட்ட பழிக்கு ஆதாரம் சிறிதுமில்லை என்று 1964இல் ஒரு நூல் எழுதினார். அதனைப் படித்த பெற்றோர் பலர் அவருக்குக் கடிதம் எழுதினர். அக்கடிதங்களின் பயனாக 1965ஆம் ஆண்டு நவம்பரில் நியூ ஜெர்சியில் ஒரு வீட்டில் பெற்றோர் கூடினர். அமெரிக்கச் சங்கம் அன்று பிறந்தது. 1969இல் அச்சங்கத்தின் கூட்டத்திற்கு வந்த முதிய கானர், பெற்றோர்மீதிருந்த குற்றத்தை நீக்கி அவர்களை விடுவிப்பதாக வெளிப்பட அறிவித்தார். நீதிபதி ஒருவர் தாமே எழுதிய தீர்ப்பைத் தாமே மாற்றியதனையொக்கும் இது.

நம் நாட்டிலும் வழி இவ்வாறே திறந்தது. தில்லியில் மேரி பருவா என்னும் அம்மையார், தாமும் இவ்வியல்புடைய மகனுக்குத் தாயாயிருந்து, 1991இல் 'ஆக்‌ஷன் பார் ஆட்டிசம்' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அங்குப் பிள்ளையை விட்டுவிட்டுப் பெற்றோர் திரும்பிவிடுவதில்லை. தாயும் பிள்ளையும் ஒருங்கிருந்து சில திங்கள் பயிலும் முறை ஒன்றுண்டு. பல ஊரினின்றும் வந்த தாயர் ஒரே அறையிலிருந்து ஒருவர் பிள்ளையை மற்றொருவர் கவனித்துக் கற்றுப் பின்னர்த் தத்தம் ஊர்க்குச் செல்வர். நம் சென்னையில் 1985இல் பூனம் நடராஜன் அம்மையார் தொடங்கிய நிலையமே இன்று கோட்டூர்புரத்திலுள்ள வித்யாசாகர். அவர் மூளை முடக்குவாதமுடைய மகனுக்குத் தாய். வேறுபாடு வேறாயினும் தேவை ஒன்றே. 1995இல் நாடெங்குமுள்ள பெற்றோர் சங்கங்கள் 'பரிவார்' என்னும் பெயரால் ஒன்று கூடின. 1999ஆம் ஆண்டில் நிறைவேறிய தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் என்னும் சொல் இடம்பெற்றதற்குப் பின்னே பெற்றோரின் நெடுநாள் வேண்டுகோள் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகையுள் ஒன்றாக இதனைச் சேர்த்தது; அரசின் பொருளோ ஏற்போ பெறும் கல்விச்சாலை எதுவும் வேற்றுமையின்றி இவர்களைச் சேர்க்கவேண்டும் என்றும் விதித்தது.

சட்டம் இவ்வாறிருப்பினும், என் தம்பியை ஒரு பள்ளியினர் பத்து நாள் வைத்திருந்து, பிற பிள்ளைகளின் பெற்றோர் விரும்பவில்லை என்று கூறித் திருப்பியனுப்பினர். அன்று மாலை அன்னையார் அவன் புத்தகப்பையைப் பரண்மேல் வைத்துவிட்டு, யாரோடும் பேசாமல் மீன் அரிந்துகொண்டிருந்தார். சட்டத்தில் இடமுண்டு என்பதனை அவருக்கு முதலிற் சொன்னவர் வழக்கறிஞர் அல்லர். சிகிச்சை நிலையத்தின் வாயிற்படியில் அவருக்கருகே அமர்ந்திருந்த தண்டையார்பேட்டைத் தாய் ஒருவரே.

எங்கள் பகுதியின் கூட்டுறவு பிறந்ததும் அவ்வாயிற்படியிலேதான். உள்ளே பிள்ளைக்குப் பயிற்சி முக்கால் மணி நேரம் நடக்கும். வெளியே தாயர் காத்திருப்பர். முதலில் "உங்கள் பிள்ளைக்கு எத்தனை வயது, அக்கா?" என்னும் வினா, பின்னர்ப் பேச்சு. ஆறேழு பேர் சேர்ந்தபின் ஞாயிறுதோறும் மாலையில் ஒரு தேவாலயத்து முற்றத்தில் வேப்பமரத்தடியிற் கூடத் தொடங்கினர். அவருள் கிறித்தவரும் இந்துக்களும் முகமதியரும் உளர். சங்கமென்று பதிவு செய்யவில்லை, தலைவருமில்லை, கணக்குமில்லை. தேநீருக்குத் தலைக்குப் பத்து ரூபாய் போடுவதே அவர்தம் நிதி.

வடசென்னையில் இதற்குத் தனித் தேவையுண்டு. பெயர்பெற்ற நிலையங்கள் பல நகரின் தென்பாலுள்ளன. பல்வகைக் குறைபாடுடையோர்க்கென மத்திய அரசாங்கத்தார் 2005இல் நிறுவிய தேசிய நிறுவனம் முட்டுக்காட்டிலுள்ளது; எண்ணூரிலிருந்து அது ஏறத்தாழ 50 கிலோமீட்டர். பேருந்தின் நெரிசலையும் ஒலியையும் பொறாத பிள்ளையோடு அத்தொலைவு செல்வது எளிதன்று. தந்தையர் பெரும்பாலும் துறைமுகத்திலோ தொழிற்சாலையிலோ ஷிப்ட் முறையில் வேலை செய்வோர், அல்லது கடலுக்குச் செல்வோர். இரவு வேலை முடித்துப் பகலில் உறங்கும் தந்தையும், பகலெல்லாம் கூவும் பிள்ளையும் ஒரே அறையிலிருத்தல் வேண்டும். தெருவில் இரவும் பகலும் கன்டெய்னர் லாரிகள் அணிவகுத்து நிற்கும். கும்மிடிப்பூண்டி செல்லும் இருப்புப்பாதை குடியிருப்புகளை ஒட்டியே ஓடுகின்றது, கிழக்கே கடல். கதவு திறந்திருக்கும் கணத்தில் வெளியே ஓடிவிடும் பிள்ளைகள் பலர். அவர்கட்குத் தண்டவாளமும் நீரும் பேரச்சம் தருவன அல்ல, விருப்பம் தருவன.

ஆகவே அவ்வேப்பமரத்தடியில் அவர்கள் செய்யும் உதவிகள் பெரும்பாலும் ஆறுதல் மொழிகள் அல்ல, செயல்களே. பிள்ளை காணாமற்போனால் முதலில் நீரிருக்கும் பக்கமும் இரயில் பக்கமும் தேடவேண்டும், உறவினர் வீட்டிலன்று என்பதனை அவர்கள் ஒருவர்க்கொருவர் கற்பித்துள்ளனர். எவர் பிள்ளை காணாமற்போனாலும் ஒருவர் கடலோரமும் ஒருவர் இரயில் நிலையமும் ஓடுவர் எனப் பங்கிட்டுள்ளனர். பிள்ளையின் சட்டையின் உட்புறத்தில் தந்தையின் தொலைபேசி எண்ணைத் தைத்துவிடும் வழக்கம் திருவொற்றியூர்த் தையற்காரர் ஒருவரின் மனைவி கொணர்ந்தது.

எங்கள் பக்கத்தில் இறந்தோரை எடுத்துச் செல்லும்போது பறையும் வெடியும் மிகுதி என்பதனைப் படிப்போர் அறிவர். அவ்வொலி என் தம்பிக்கு உடலெங்கும் அடிபட்டதுபோலாம். ஒருமுறை தன் கையைத் தானே கடித்துக் குருதி வரச்செய்துகொண்டான். இப்பொழுது எத்தெருவில் சாவு நேர்ந்தாலும் ஊர்வலம் புறப்படும் நேரத்தையும் செல்லும் வழியையும் அங்குள்ள தாய் மற்றையோர்க்கு முன்னரே தெரிவித்துவிடுவார். அவ்வவ்வீட்டினர் பிள்ளையை உள்ளறைக்கு அழைத்துச் சென்று மின்விசிறியை விரைவாகச் சுழலவிட்டுக் காத்திருப்பர். முடிவெட்டும் செய்தியும் இத்தகையதே. நாற்காலியில் அமர மறுக்கும் பிள்ளைக்குத் தரையிலேயே அமர்ந்து, கத்தரியின் ஒலி கேளாதபடி மெல்ல வெட்டப் பழகிய முடிதிருத்துவோர் ஒருவர் காசிமேட்டிலுள்ளார். அவர் இருப்பதனை முதலிற் கண்டவர் ஒரு தாய்; இன்று ஒன்பது பிள்ளைகள் அவரிடம் செல்கின்றனர்.

2023ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் நள்ளிரவில் எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் அமோனியா வாயு கசிந்து மக்கள் இல்லங்களை விட்டு வெளியே ஓடினர். அவ்விரவில் ஒரு தாயின் மகன், பன்னிரண்டு அகவையன், தன் போர்வையின்றி வாயிற்படியைத் தாண்ட மறுத்துவிட்டான். கண் எரிந்துகொண்டிருக்க அவ்வம்மையார் போர்வையைத் தேடினார். அயலார், அடித்திழுத்து வா என்று கூவினர். போர்வை கிடைத்தது, சென்றனர். ஊரார் திரண்டிருந்த இடத்தில் அக்கூச்சலிடையே அவனை வைத்திருத்தல் இயலாது. திருவொற்றியூரிலிருந்த தோழி தன் கணவரை இருசக்கர வண்டியில் அனுப்பி அவ்விருவரையும் வரவழைத்து, விளக்கணைத்த அறையொன்றை ஒதுக்கித் தந்தார். யாதும் வினவவில்லை. அவர் வீட்டுப் பிள்ளைக்கும் அவ்வாறே இருட்டறை வேண்டும் என்பதனால் வினவ வேண்டியதுமில்லை. இக்கூட்டுறவின் தன்மையை யான் எங்ஙனம் விளக்கினும் அவ்விரவைக் காட்டிலும் தெளிவாக விளக்குதல் இயலாது.

தாள்களைப் பற்றிய உதவியும் சிறிதன்று. இந்நாட்டில் இவ்வியல்பை அளந்து சான்று வழங்குதற்கு இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவை என்றொன்றுண்டு. 2016 முதல் அரசாங்கத்தார் அதனையே சான்றுக்கு அடிப்படையாக ஏற்றனர். அதில் 40 வினாக்கள். ஒவ்வொன்றிற்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 70ஐ எட்டினால் ஆட்டிசம் எனக் கொள்ளப்படும். இவ்வளவும் ஒரு முறை கேட்ட அளவில் எவர்க்கும் விளங்குவதன்று. முன்னரே சென்றுவந்த தாய் புதியவளோடு உடன் செல்கிறாள். பிள்ளை நன்றாகச் செய்வதனையே சொல்லத் தாயின் மனம் விழையும். செய்ய இயலாததனையும் மறையாது சொல் என்று அவள் அறிவுறுத்துகிறாள். தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' என்னும் காப்பீட்டால் ஆண்டுக்கு ஓரிலக்கம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம் என்பதும் இம்முற்றத்தில்தான் பலர்க்குத் தெரிந்தது.

பெற்றோரே தம் பிள்ளைக்கு ஆசிரியராதல் கூடும் என்பதற்கு ஆராய்ச்சியும் உண்டு. கோவாவிலும் பாகிஸ்தானத்து இராவல்பிண்டியிலும் 65 சிறாரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சியொன்று 2016இல் வெளியாயிற்று. மருத்துவப் பட்டமில்லாத ஊழியர் வீடுதோறும் சென்று, பெற்றோர் பிள்ளையோடு விளையாடுவதனைப் படம்பிடித்து, அதனையே அவர்கட்குக் காட்டிப் பயிற்றினர். பிள்ளை நோக்குவதனைத் தாம் நோக்கி, அதற்கேற்பப் பேசப் பெற்றோர் கற்றனர். பிள்ளைகளும் தாமே முன்வந்து பெற்றோரோடு உறவாடுதல் மிகுந்தது. அம்புலியைப் பார்க்காத பிள்ளைக்கு அம்புலியையே மீண்டும் மீண்டும் சுட்டுதல் வேண்டா. அவன் பார்க்கும் மோதிரத்தைத் தாயும் பார்த்தால் போதும். என் அன்னையார் இதனை எவரும் கற்பியாமலே செய்தார். மோதிரத்தைக் கழற்றி அவனோடு தரையிற் சுழற்றி விளையாடினார். 'சுத்து' என்பதே அவன் முதற் சொல்.

இக்கூட்டுறவில் தீங்கும் உண்டு. அதனை மறைத்தல் நேர்மையாகாது. அன்பினாற் சொல்லப்படும் பொய்யும் அன்பினாலேயே பரவும். தட்டம்மைத் தடுப்பூசியால் இது வருகின்றது என்னும் கூற்று 1998இல் இலண்டன் மருத்துவ இதழொன்றில் வெளியான கட்டுரையால் எழுந்தது. அவ்விதழினரே 2010இல் அதனைத் திரும்பப் பெற்றனர். எனினும் அது பெற்றோர் வாயிலாகவே உலகெங்கும் சென்றது. தாயரைப் பழியினின்று மீட்ட அந்த ரிம்லேண்டே பிற்காலத்தில் தடுப்பூசி ஐயத்திற்கும் ஆதாரமற்ற மருந்துகட்கும் துணைநின்றார் என்பது வருந்தத்தக்க செய்தி. நம் நாட்டில் 'ஸ்டெம் செல்' சிகிச்சை என்று கூறி இலக்கக்கணக்கில் பொருள் பெறுவோர் பெருகியதால், ஆட்டிசத்திற்கு அதனைச் செய்தல் தொழில்முறைக்கு மாறான குற்றம் என 2022இல் தேசிய மருத்துவ ஆணையத்தார் அறிவித்தனர். எங்கள் முற்றத்திலும் ஒரு குடும்பத்தினர் நகை விற்று அதற்குச் செல்ல முற்பட்டனர். அன்று எழுந்த வழக்கு கடுமையானது. இரு தாயர் ஒரு திங்கள் பேசாதிருந்தனர். நகை விற்கப்படவில்லை. பேசாதிருந்தவருள் ஒருவர் என் அன்னையார்.

மற்றொரு குறையும் உண்டு. பெற்றோர் கூடிப் பேசும்போது பிள்ளை பேச்சுப்பொருளாகிவிடுகிறான், பேசுவோனாவதில்லை. ஜிம் சின்க்ளேர் என்பார் தாமே இவ்வியல்புடையர். 1993இல் கனடாவின் டொரான்டோ நகரில் கூடிய பெற்றோர்முன் அவர் ஒன்று கூறினார்: நீங்கள் அழுவது எங்கட்காகவன்று, நீங்கள் எதிர்நோக்கி வாராதுபோன வேறொரு பிள்ளைக்காக, அவ்வழுகையை எங்கள்மேல் ஏற்றாதீர்கள் என்பது அவ்வுரையின் கருத்து. இதனை யான் முற்றத்தில் எடுத்துக் கூறியபோது தாயர் சிலர்க்குப் பிடிக்கவில்லை. "பெற்றவள் அழக்கூடாதா, தம்பி?" என்றார் ஒருவர். அதற்கு விடை எனக்குத் தெரியவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு முதல் பிள்ளைகளை முற்றத்தின் ஓரத்தில் விடாமல் நடுவிலேயே அமர்த்திக்கொள்கின்றனர்.

எல்லாவற்றினும் பெரிய வினா, எமக்குப்பின் யார் என்பது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 அகவை நிரம்பியவர்க்குப் பாதுகாவலர் வேண்டுமாயின், மாவட்ட ஆட்சித்தலைவரும், பதிவுபெற்ற நிறுவனத்தாருள் ஒருவரும், மாற்றுத்திறனாளி ஒருவரும் அடங்கிய உள்ளூர்க் குழுவினிடம் விண்ணப்பிக்கலாம். பாதுகாவலராவார், பொறுப்பேற்றபின் அவருடைய சொத்தின் கணக்கையும் காட்டுதல் வேண்டும். சென்ற திங்களில் இவ்விண்ணப்பத்தின் மாதிரியொன்றை யான் அனைவர்க்கும் படித்துப் பொருள் கூறினேன். பாதுகாவலர் பெயர் என்னும் இடத்திற்கு வந்தவுடன் அன்னையார் என்னைப் பாராமல் தேநீர்க் குவளைகளை எண்ணத் தொடங்கினார். அவ்விடத்தில் என் பெயரைப் பென்சிலால் எழுதினேன். காசிமேட்டு அம்மையார் ஒருவர் எட்டிப் பார்த்து, "தம்பி, மையால் எழுத இன்னும் ஐந்தாண்டு இருக்கிறது. நீ எந்த ஊரில் வேலைக்குப் போவாயோ! கீழே என் மகள் பெயரையும் எழுதிவை" என்றார்.